குதிரைக்குப் புல் விதைத்தீர்களா? வேர் பிடிக்கும்வரை பொறுங்கள்

போடிநாயக்கனூரைச் சுற்றிய மலைச்சரிவுகளில் சாலை எட்டாத குடியிருப்புகள் இன்னும் இருக்கின்றன. அங்கே அரிசியும் பருப்பும் மேலே போவதும், ஏலக்காயும் காபியும் மிளகும் கீழே வருவதும் பொதி குதிரையின் முதுகில்தான். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரமும் அதே முதுகில் ஏறுகிறது. இந்தியா முழுவதும் 2012 கணக்கெடுப்பில் ஆறே கால் லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019இல் மூன்றரை லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டன. மிச்சமிருப்பவற்றை நல்லபடியாக வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் முதலில் வயிறு நிறைய வேண்டும்.

காட்டு மேய்ச்சலுக்குக் கட்டுப்பாடு கூடியிருக்கிறது. தரிசுகளும் குறைந்துகொண்டே வருகின்றன. எனவே பொட்டிபுரம் போன்ற மலையடிவார ஊர்களில் மானாவாரி நிலம் வைத்திருப்பவருக்கு, அதில் கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும் விதைப்பது நல்ல வழி. ஆனால் விதைத்த முதல் பருவத்திலேயே குதிரையை அவிழ்த்துவிட்டால் தை பிறப்பதற்குள் வெறும் செம்மண்தான் மிஞ்சும். இந்த இழப்புக்கு வழிவிடும் ஆறு நம்பிக்கைகளை இங்கே பார்ப்போம்.

நம்பிக்கை 1: ஒரு மழைக்கு முளைக்காத விதை இனி முளைக்காது. குதிரையை விட்டுவிடலாம்.

உண்மை: விதை செத்துப்போகவில்லை, உறங்குகிறது. அறுவடை செய்த புதிதில் கொழுக்கட்டைப் புல் விதை சரியாக முளைக்காது. சில மாதங்கள் வைத்திருந்து விதைத்தால்தான் முளைப்பு ஏறும். முயல் மசால் விதைக்கோ தோல் கடினம். 80 டிகிரி சூட்டு வெந்நீரில் நான்கு நிமிடம் போட்டெடுத்து விதைக்கச் சொல்வது அதனால்தான். அப்படிச் செய்யாமல் விதைத்தவை இரண்டாம், மூன்றாம் மழைக்குச் சிறிது சிறிதாகத் தலைகாட்டும். நிலம் வெறிச்சோடித் தெரிகிறதே என்று அந்த நேரத்தில் குதிரையை விட்டால், வந்துகொண்டிருக்கும் முளைகள் குளம்படியில் நசுங்கிப்போகும்.

நம்பிக்கை 2: முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டால் மேயவிடலாம்.

உண்மை: பார்க்க வேண்டியது உயரத்தை அல்ல, வேரின் பிடியை. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. அது நாக்கால் புல்லைச் சுற்றி வளைத்து அறுக்கும், அடியில் கொஞ்சம் மிச்சம் வைக்கும். குதிரைக்கு மேலும் கீழும் முன்பற்கள் உண்டு. உதடும் லாவகமானது. வேண்டிய புல்லைத் தேர்ந்து, மண்ணை ஒட்டிக் கடித்து, வெடுக்கென்று இழுக்கும். வேர் ஊன்றாத இளம்புல் அந்த ஓர் இழுப்பில் மண்ணோடு வந்துவிடும். கடித்த புல் மீண்டும் தழைக்கும், பிடுங்கிய புல் தழைக்காது.

சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. நிலத்தில் பத்துப் பதினைந்து இடங்களில் ஒரு பிடி புல்லை விரல்களால் பற்றி, குதிரை இழுப்பதுபோல் சட்டென்று இழுத்துப் பாருங்கள். இலை அறுந்து கையோடு வந்தால் வேர் பிடித்திருக்கிறது. தூரோடு பிடுங்கிக்கொண்டு வந்தால் நாள் இன்னும் ஆகவில்லை. கொழுக்கட்டைப் புல்லில் முதல் அறுப்புக்கே விதைத்ததிலிருந்து 70, 75 நாட்கள் ஆகும். அந்த முதல் விளைச்சலை அரிவாளால் அறுத்துக் கட்டுத்தறியில் போடுங்கள். அரிவாள் வேரை அசைக்காது. அறுத்தபின் தழைத்து வரும் புல்லில், இழுப்புச் சோதனை தேறினால், குதிரையை விடலாம். முயல் மசால் முதல் ஆண்டில் மெதுவாகத்தான் வளரும். அது பூத்து விதை உதிர்க்க இடம் கொடுத்தால் அடுத்த ஆண்டு தானாகவே அடர்ந்து வரும்.

நம்பிக்கை 3: கடிபட்டால்தான் புல் தூர் கட்டும்.

உண்மை: இது பாதி உண்மை, அதனால்தான் ஆளை ஏமாற்றுகிறது. நுனி வெட்டப்பட்ட புல் பக்கவாட்டில் கிளைப்பது சரிதான். ஆனால் அதற்கு அடித்தூரில் சேமிப்பும் மண்ணில் போதிய வேரும் இருக்க வேண்டும். முளைத்து ஒரு மாதமே ஆன செடிக்கு இரண்டும் கிடையாது. உணவு தயாரிக்க அதற்கிருப்பது அந்த நாலைந்து இலைகள்தான். அவற்றையும் இழந்தால் வேர் வளர்ச்சி நின்றுவிடும். அடுத்த வறட்சியில் செடி காய்ந்துபோகும். வேர் பிடித்த நிலத்திலும் அரைச் சாண் உயரத்துக்குக் கீழே மேயவிடாதீர்கள். ஒன்றரைச் சாண் வளர்ந்ததும் உள்ளே விடுவது, அரைச் சாணுக்கு இறங்கியதும் வெளியேற்றுவது என்று வைத்துக்கொண்டால் புல் பல ஆண்டுகள் நிலைக்கும்.

நம்பிக்கை 4: மழை பெய்து நிலம் பசேலென்று இருக்கும்போதே மேயவிட வேண்டும்.

உண்மை: போடிப் பள்ளத்தாக்கின் சமவெளிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. புதுப் புல் வளர்வதும் அப்போதுதான், மண் குழைந்திருப்பதும் அப்போதுதான். குதிரையின் எடை முழுவதும் நான்கு சிறு குளம்புகளில் இறங்குகிறது. லாடம் அடித்திருந்தால் விளிம்பு இன்னும் கூர்மை. ஈர மண்ணில் ஒவ்வொரு அடியும் குழி பறிக்கும், வேரை அறுக்கும். காய்ந்தபின் அந்த இடம் இறுகி, அடுத்த மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும். சரிவான நிலமென்றால் மேல்மண்ணும் கூடவே போகும். நீங்கள் நடந்து பாருங்கள். உங்கள் குதிகால் மண்ணில் பதிந்தால் குதிரை அன்றைக்கு உள்ளே போகக் கூடாது.

நம்பிக்கை 5: மாட்டுக்கு ஆகும் புல் குதிரைக்கும் ஆகும்.

உண்மை: ஆறு நம்பிக்கைகளில் அதிக ஆபத்தானது இதுதான். கம்பு நேப்பியர், கினியா, கொழுக்கட்டைப் புல் மூன்றிலும் ஆக்சலேட் என்ற பொருள் இருக்கிறது. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடுகின்றன. குதிரைக்கு அப்படி ஓர் இரைப்பை கிடையாது. சிறுகுடலில் சுண்ணாம்புச் சத்து உறிஞ்சப்படும் முன்பே ஆக்சலேட் அதைக் கட்டிப்போட்டுவிடும். மாதக்கணக்கில் இந்தப் புல் மட்டுமே தின்னும் குதிரை, எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்துச் செலவழிக்கத் தொடங்கும். முதலில் காரணம் தெரியாத நொண்டல் வரும், பிறகு உடல் மெலியும், முற்றினால் முக எலும்பு வீங்கும். மலை ஏறி இறங்கும் பொதி குதிரைக்கு இது பிழைப்பையே பறிக்கும் நோய்.

இதற்காகப் புல்லை விட்டுவிட வேண்டியதில்லை. சுண்ணாம்புச் சத்து மிகுந்த பயறுவகைத் தீவனத்தைக் கூடவே கொடுங்கள். முயல் மசால், வேலிமசால், பாசனம் இருந்தால் குதிரைமசால் எல்லாம் உதவும். சோளத்தட்டை போன்ற உலர்தீவனத்தையும் சேர்த்து, ஒரே புல்லை நம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாது உப்பு எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள்.

பச்சைச் சோளக் காட்டில் மட்டும் குதிரையை மேயவிடவே கூடாது. அதிலுள்ள சயனைடு சேர்மங்கள் இளம்பயிரில் அதிகம். தொடர்ந்து மேயும் குதிரைக்குப் பின்னங்கால் தள்ளாடும், சிறுநீர்ப்பை செயலிழந்து சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். நன்றாக உலர்ந்த தட்டையில் இந்தப் பயம் இல்லை. வேலியோரச் சவுண்டல் தழையும் குதிரைக்கு ஆகாது. அதைத் தின்னும் குதிரையின் பிடரியும் வாலும் முடி கொட்டிப்போகும்.

நம்பிக்கை 6: பொதி இறக்கியதும் பசியோடு அவிழ்த்துவிட்டால் தானே வயிறு நிறைய மேயும்.

உண்மை: பசித்த குதிரை இளம்புல்லை அள்ளி விழுங்கும். குடலில் உள்ள நுண்ணுயிர்கள் புதுத் தீவனத்துக்குப் பழக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். திடீரென மாற்றினால் வாயு கட்டி வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் வயிற்றுவலி உயிருக்கே உலை வைக்கும். புல் அடராத மணற்பாங்கான நிலத்தில் வேரோடு சேர்ந்து மண்ணும் உள்ளே போய்க் குடலில் தங்கும். எனவே முதலில் தண்ணீரும் உலர்தீவனமும் கொடுங்கள். பிறகு கால் மணி நேரம் மட்டும் மேயவிட்டு, ஒவ்வொரு நாளும் சிறிது கூட்டுங்கள்.

இனி செய்ய வேண்டியது

நிலம் முழுவதையும் ஒரேயடியாகத் திறந்துவிடாதீர்கள். குதிரை ருசித்த இடத்தையே திரும்பத் திரும்ப மொட்டையடிக்கும், சாணம் போட்ட இடத்தை ஒதுக்கி முற்றவிடும். மூன்று, நான்கு பகுதிகளாக அடைத்து மாற்றி மாற்றி விடுங்கள். மேய்ந்த பகுதிக்கு ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஓய்வு கொடுங்கள். சாணத்தை அன்றாடம் அள்ளி எருக்குழியில் போடுங்கள். பச்சையாக நிலத்தில் பரப்பினால் குடற்புழுக்களையும் சேர்த்துப் பரப்புவதாக ஆகும். குதிரை மேய்ந்தபின் ஆடுமாடுகளை விட்டால் அது ஒதுக்கிய புல்லும் வீணாகாது, குதிரைப் புழுக்களும் பெரும்பாலும் குறையும். மழைநாளுக்கும் புல் வளரும் பருவத்துக்கும் குதிரை நிற்க, நடமாட, உருள ஒரு மூலையைத் தனியே ஒதுக்கிவையுங்கள். அந்த மூலை மொட்டையானால் பாதகமில்லை.

புல் தேறும்வரை பொறுப்பது வெளிநாட்டிலிருந்து வந்த புதுமையல்ல. கொங்கு நாட்டில் கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்கள் கிளுவை வேலியிட்டு, வெள்வேல மரங்களுக்கு அடியில் கொழுக்கட்டைப் புல்லைத் தலைமுறைகளாகக் காத்து வருகிறார்கள். மழைக்குப் பின் காட்டை அடைத்துவைத்து, புல் தேறிய பிறகே திறக்கும் பழக்கம்தான் அந்த மேய்ச்சலை நிலைநிறுத்தியது. போடி மலையடிவாரத்துக்கும் அதே புல்தான், அதே மானாவாரி மண்தான். முதல் பருவம் முழுவதும் பொறுத்தவர், குதிரைக்கான தீவனத்தை ஆண்டுதோறும் மறுபடி விதைக்கத் தேவையில்லை.