குத்து காலில் இருக்கு!

குத்துச்சண்டைக்குக் கையில பலம் இருந்தா போதும்னு பலர் நினைக்கிறோம். ஆனால் குத்து காலில்தான் தொடங்குகிறது. இதைப் புரிந்துகொள்ள "ஓவர்ஹேண்ட்" என்ற குத்தைப் பார்ப்போம்.

ஓவர்ஹேண்ட் என்றால் என்ன?

முன்கையை நேராக நீட்டி விடும் குத்துக்கு "ஜாப்" என்று பெயர். எதிராளி ஜாப் விடும்போது, அவருடைய கைக்கு மேலே வளைந்து போய்க் கீழே இறங்குகிற குத்துதான் ஓவர்ஹேண்ட். தன்னைவிட உயரமானவரோடு மோதும்போது இது நல்லா உதவும்.

அமெரிக்க வீரர் ராக்கி மார்சியானோவின் உயரம் சுமார் 5 அடி 10 அங்குலம். ஹெவிவெயிட் பிரிவில் அது குறைவு. ஆனாலும் 1952 முதல் 1956 வரை அவரே உலக சாம்பியன். ஆடிய 49 தொழில்முறைப் போட்டிகளிலும் வெற்றி! அவருடைய வலக்கைக் குத்துக்கு "சூசி க்யூ"ன்னு செல்லப் பெயரே இருந்தது. நம் தமிழ்நாட்டில் குத்துச்சண்டைக்குப் பேர்போன இடம் வட சென்னை. சென்னை வீரர் தேவராஜன் 1994-ல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்றார்.

எப்படிப் போடுவது? (வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு)

1. இடது கால் முன்னே, வலது கால் பின்னே. முட்டி லேசா மடங்கணும். இரண்டு கையும் கன்னத்துப் பக்கம். தாடை தாழ்ந்து இருக்கணும்.

2. விரல்களை இறுக்கி மடக்கி, கட்டை விரலை வெளியே வைக்கணும். உள்ளே வைத்துக் குத்தினா கட்டை விரல் உடைஞ்சு போகலாம்.

3. இடது காலைக் கொஞ்சம் முன்னே, இடப்பக்கமாக வைத்துத் தலையையும் அந்தப் பக்கம் சாய்க்கணும். எதிராளியின் ஜாப் நம் வலது காதோரம் போய்விடும்.

4. வலது பாதத்தின் முன்பகுதியால் தரையை அழுத்தித் திருப்பணும். முதலில் இடுப்பு, பிறகு தோள், கடைசியில்தான் கை. முழங்கை உயர்ந்து, கை வளைவாகப் போய் இறங்கும்.

5. குத்தி முடிக்கும் வரை இடக்கை கன்னத்தை விட்டு நகரக் கூடாது. வலக்கை உடனே பழைய இடத்துக்கு வரணும்.

காலில் என்ன இருக்கு?

நாம் தரையை அழுத்தினால் தரை நம்மைத் திருப்பித் தள்ளும். இது நியூட்டனின் மூன்றாம் விதி. அந்த விசைதான் இடுப்பு வழியாகக் கைக்கு வருகிறது. நம்ம ஊர்ல விறகு பிளக்கிறவங்களைப் பாருங்க. காலை ஊன்றி, இடுப்பைச் சேர்த்துத்தான் கோடாலியை இறக்குவாங்க. சந்தேகமா? பெஞ்சில் உட்கார்ந்து காற்றில் ஒரு குத்து விடுங்க. பிறகு நின்று, பாதத்தைத் திருப்பி ஒன்று விடுங்க. வித்தியாசம் தெரியும்.

செய்யக் கூடாதவை

* கையைப் பின்னால் இழுத்துவிட்டுக் குத்துவது. எதிராளி உஷாராகிடுவார்.
* கண்ணை மூடுவது, தரையைப் பார்ப்பது.
* கையுறையின் உட்பக்கத்தால் அடிப்பது. அதற்குப் புள்ளி கிடையாது.
* பின்னந்தலையில் அடிப்பது. இது விதிமீறல். எதிராளி குனிந்தால் ஓவர்ஹேண்ட் அங்கே விழ வாய்ப்பு அதிகம். அவர் குனிவது தெரிந்தால் கையை நிறுத்தணும்.

முக்கியமான விஷயம்

தாடையில் விழும் குத்து தலையைச் சட்டென்று திருப்பும். அப்போது மண்டைக்குள்ளே மூளை குலுங்கும். அதனாலதான் பயிற்சியாளர் முன்னால், கையுறை, தலைக்கவசம், பல்காப்பு போட்டுக்கொண்டு பழகணும். இடைவேளைச் சண்டையில் இது வேண்டவே வேண்டாம். விளையாட்டில் யாருக்காவது தலையில் அடிபட்டு, தலைவலி, வாந்தி, மயக்கம் வந்தால் விளையாட்டை நிறுத்தி, உடனே ஆசிரியரிடம் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போகணும். "ஒண்ணுமில்ல சார்"னு மறைக்காதீங்க.

முதல் வாரம் கையை மறந்துட்டு, பாதத்தைத் திருப்ப மட்டும் பழகுங்க நண்பர்களே. குத்து தானா வரும்!