வாடகைச் சரக்கு வேன்: தவணைக்கு அப்பால் உள்ள கணக்கு

பெரிய லாரி ஊரின் எல்லையோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து கடை வாசலுக்கும் பட்டறைக்கும் வீட்டுக்கும் சரக்கைக் கொண்டு சேர்ப்பது சிறிய வண்டிதான். ஒரு காலத்தில் மாட்டு வண்டியும் கைவண்டியும் இப்பணியைச் செய்தன. பின்னர் மூன்று சக்கர வண்டிகளும் மெட்டடார் போன்ற வேன்களும் வந்தன. 2005ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனம் 'ஏஸ்' என்னும் சிறு வண்டியை வெளியிட்டபின் இத்துறையின் தோற்றமே மாறியது. 702 சி.சி. கொள்ளளவும் 16 குதிரைத் திறனும் உடைய இரு சிலிண்டர் டீசல் எஞ்சின், முக்கால் டன் சுமை, ஏறத்தாழ இரண்டே கால் லட்சம் ரூபாய் விலை ஆகியவை அதன் இயல்புகள். வடக்கே 'சோட்டா ஹாத்தி' என்றும் தமிழகத்தில் 'குட்டி யானை' என்றும் மக்கள் அதற்குப் பெயர் சூட்டினர். 2017ஆம் ஆண்டின் இறுதிக்குள் இவ்வகை வண்டிகளில் 20 லட்சம் விற்பனையாகியிருந்தன. 2011இல் அசோக் லேலண்டின் 'தோஸ்த்', 2016இல் மாருதியின் 'சூப்பர் கேரி' எனப் பிற நிறுவனங்களும் இச்சந்தையில் இறங்கின.

இவ்வண்டிகளை வாங்கியோரில் பெரும்பாலோர் முதலாளிகள் அல்லர். பிறருடைய வண்டியில் ஓட்டுநராக இருந்து, ஒருநாள் சொந்த வண்டியின் சாவியைக் கையில் வாங்கியவர்களே மிகுதி. உரிமையாளரும் ஓட்டுநரும் ஒருவரே. பல நேரங்களில் சுமை ஏற்றி இறக்குபவரும் அவரே. இத்தொழிலை வளர்த்ததில் சட்டத்திற்கும் கடனுதவிக்கும் பங்குண்டு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிகளுக்கு பெர்மிட் தேவையில்லை என விலக்கு அளித்தது. 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையான பின், சிறு அளவில் சாலைப் போக்குவரத்து நடத்துவோரும் முன்னுரிமைத் துறைக் கடனுக்கு உரியோராயினர். 2015 ஏப்ரலில் தொடங்கிய முத்ரா திட்டத்தின் கீழ், 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனை ஈடு கொடுக்காமல் பெற்று வண்டி வாங்க வழி ஏற்பட்டது.

ஆகவே வண்டி வாங்குவது இன்று அரிய செயல் அன்று. வாங்கிய வண்டியை நான்கு ஆண்டுகள் கைநழுவாமல் காப்பதுதான் அரிது. இத்தொழிலில் நின்றவரையும் வீழ்ந்தவரையும் ஒப்பிட்டு நோக்கினால், வேறுபாடு பெரும்பாலும் வண்டியின் தயாரிப்பில் இல்லை. அவர்கள் போட்ட கணக்கில் இருக்கிறது.

கடன் என்னும் முதற் படி

விற்பனைக் கூடத்தில் வாங்குபவர் கேட்கும் முதற் கேள்வி, "மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்பதே. கேட்க வேண்டிய கேள்வி, வட்டி எம்முறையில் கணக்கிடப்படுகிறது என்பதாகும். 5 லட்சம் ரூபாய்க் கடன், 48 மாதத் தவணை என வைத்துக்கொள்வோம். குறைந்துவரும் நிலுவையின் மீது ஆண்டுக்கு 11 விழுக்காடு வட்டி என்றால் மாதத் தவணை 12,923 ரூபாய். மற்றொருவர் 'ஃபிளாட் வட்டி 8 விழுக்காடுதான்' என்று கூறுகிறார். 11ஐவிட 8 குறைவு என எண்ணத் தோன்றும். ஆனால் ஃபிளாட் முறையில், அடைத்த தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி ஓடுகிறது. நான்காண்டு வட்டி 1,60,000 ரூபாய்; தவணை 13,750 ரூபாய். நிலுவை முறையில் சொன்னால் இது 14 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வட்டியாகும். வாய்மொழியாகச் சொல்லப்படும் விழுக்காட்டை விட்டுவிட்டு, மொத்தத்தில் கட்ட வேண்டிய தொகையை எழுத்தில் கேட்டுப் பெறுவது இதற்கு எளிய மருந்து.

தவணைக் காலத்தை நீட்டினால் சுமை குறையும் என்பதும் பாதி உண்மையே. மேற்கண்ட 11 விழுக்காட்டுக் கடனை 60 மாதமாக்கினால் தவணை 10,871 ரூபாயாகக் குறைகிறது. மொத்த வட்டியோ 1,20,000இலிருந்து 1,52,000 ரூபாயாக உயர்கிறது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் ரிசர்வ் வங்கி அறிவித்த தவணை ஒத்திவைப்பைப் பயன்படுத்தியோர் இதை நேரில் அறிந்தனர். ஒத்திவைப்பு ஆறு மாதம் மூச்சுவிட இடம் தந்தது. அந்த மாதங்களுக்கான வட்டி நிலுவையில் சேர்ந்தே நின்றது.

தவணை தவறினால் வண்டியை வழியில் மறித்து எடுத்துச் செல்லும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். கடன் வசூலுக்கு அடியாட்களை ஏவுவதை 2007இல் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. ஒப்பந்தப்படி வண்டியை மீட்கும் உரிமை கடன் கொடுத்தவருக்கு இருப்பினும், அதைச் சட்டத்திற்கு உட்பட்ட முறையிலேயே செய்தல் வேண்டும். இரண்டு தவணை தவறப் போகிறது என்று தெரிந்தவுடன் கிளைக்குச் சென்று எழுத்தில் தெரிவிப்பவருக்கும், கைப்பேசியை அணைத்துவிட்டு ஒதுங்குபவருக்கும் நேர்வது ஒன்றாக இருப்பதில்லை.

ஓடும் கிலோமீட்டரும் ஊதியம் தரும் கிலோமீட்டரும்

இனி மாதக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். இதில் உள்ள எண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை. அவரவர் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். வண்டி மாதம் 25 நாள், நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர் என 2,000 கிலோமீட்டர் ஓடுகிறது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கிடைத்தால் 125 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாய் எனில் 11,250 ரூபாய். தவணை 12,923 ரூபாய். காப்பீட்டிற்கு மாதம் 2,000 ரூபாய் ஒதுக்க வேண்டும். 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டிகளுக்கு, மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக் கட்டணம் மட்டுமே 2022ஆம் ஆண்டின் அறிவிக்கைப்படி ஆண்டுக்கு 16,049 ரூபாய் என்பதை நினைவிற் கொள்க. முக்கால் டன் வண்டிக்கும் அதைப் போலப் பன்மடங்கு சுமக்கும் வண்டிக்கும் ஒரே கட்டணம் என்பது சிறு உரிமையாளரின் நியாயமான குறை. டயர், எண்ணெய், பழுதுபார்ப்புக்கு 2,500 ரூபாய். வரி, தகுதிச் சான்று, புகைச் சான்றுக்கு 500 ரூபாய். ஆக மொத்தச் செலவு 29,173 ரூபாய்.

சுமையுடன் ஓடும் கிலோமீட்டருக்கு 30 ரூபாய் வாடகை கிடைப்பதாகக் கொள்வோம். போகும்போது சுமை, வரும்போது காலி என்றால் 1,000 கிலோமீட்டருக்கு மட்டுமே வருவாய்; 30,000 ரூபாய் கிடைத்து 827 ரூபாய் மிஞ்சும். ஓட்டத்தில் 60 விழுக்காடு சுமையுடன் அமைந்தால் 6,827 ரூபாய் மிஞ்சும். 75 விழுக்காடு அமைந்தால் 15,827 ரூபாய். நாளொன்றுக்கு 600 ரூபாய்க் கூலிக்கு வேறொருவர் வண்டியை ஓட்டினால் அவருக்கு 25 நாளில் 15,000 ரூபாய் கிடைத்திருக்கும். ஆக, முக்கால் பங்கு ஓட்டம் சுமையுடன் அமைந்த பின்னரே சொந்த வண்டிக்காரர் கூலி ஓட்டுநரின் நிலையை எட்டுகிறார்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம்: தவணை முழுவதும் செலவு அன்றே, அதில் ஒரு பகுதி வண்டியாக நிற்கிறதே என்று. அது சரியே. 6 லட்சம் ரூபாய் வண்டி நான்காண்டு முடிவில் 2,75,000 ரூபாய்க்கு விலைபோகும் எனில், மதிப்புக் குறைவு மாதத்திற்கு ஏறத்தாழ 6,770 ரூபாய். வட்டி சராசரியாக 2,500 ரூபாய். இரண்டும் சேர்ந்து 9,300 ரூபாய்க்குள் அடங்கும். தவணையில் எஞ்சிய 3,600 ரூபாய், வண்டியின் உருவில் சேரும் சேமிப்பு எனலாம். ஆனால் சேமிப்பைக் கொண்டு டீசல் போட முடியாது. இலாபத்தில் இருந்துகொண்டே கையில் பணமின்றி வீழ்ந்தவர்கள் இத்தொழிலில் உண்டு.

டீசல் விலையைப் பற்றியே உரிமையாளர்கள் மிகுதியாகப் பேசுகின்றனர். 2014 அக்டோபரில் டீசல் விலை மீதான கட்டுப்பாடு நீங்கியது. 2017 ஜூன் முதல் விலை நாள்தோறும் மாறலாயிற்று. மாத வாடகைக்கு ஒப்புக்கொண்டவருக்கு இது இடர்தான். ஒப்பந்தத்தில் டீசல் விலைக்கேற்ப வாடகை மாறும் என ஒரு வரி சேர்த்துக்கொள்வது நலம். எனினும் நம் கணக்கில் லிட்டருக்கு 5 ரூபாய் ஏறினால் மாத இழப்பு 625 ரூபாய். காலியாக ஓடும் 100 கிலோமீட்டருக்குச் சுமை கிடைத்தால் வரவு 3,000 ரூபாய். உரிமையாளரின் கவனம் பெட்ரோல் பங்கின் விலைப் பலகையைவிடத் திரும்பும் சுமையின் மீது மிகுதியாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஓடாத நாளுக்கும் விலை உண்டு. தவணை, காப்பீடு, வரி ஆகியவை வண்டி நின்றாலும் ஓடினாலும் ஒன்றே. நம் எடுத்துக்காட்டில் அவை வேலை நாளொன்றுக்கு 617 ரூபாய். நாசிக் மாவட்டத்து லாசல்கான் வெங்காயச் சந்தையை நினைத்துப் பாருங்கள். அங்கே வண்டிகள் வரிசையில் நிற்க, வணிகர்கள் வண்டி வண்டியாகச் சென்று சரக்கைப் பார்த்து ஏலம் கேட்கின்றனர். ஏலம் முடிந்த பின் வணிகரின் கிடங்குக்குச் சென்று இறக்க வேண்டும். வரத்து மிகுந்த நாளில் காத்திருப்பும் நீளும். தொலைவுக்கு மட்டும் வாடகை பேசியவர் அந்த நேரத்தை இலவசமாகத் தந்துவிடுகிறார். அனுபவம் உள்ளவர்கள் இத்தனை மணி நேரத்திற்கு மேல் காத்திருந்தால் இவ்வளவு என முதலிலேயே பேசிவிடுகின்றனர்.

திரும்பும் சுமைக்குக் குறைந்த வாடகை ஏற்பதில் தவறில்லை. காலியாக வந்தாலும் டீசலும் தேய்மானமும் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7 ரூபாய் ஆகத்தான் செய்யும். ஆனால் அதற்காக அரை நாள் காத்திருந்து, மறுநாள் காலைச் சுமையை இழப்பது கணக்கு அன்று. மேலும், திரும்பும் சுமையின் மலிவு வாடகை ஸ்டாண்டில் எல்லோருக்கும் வாடிக்கை வாடகை ஆகிவிடும் அபாயமும் உண்டு. கைப்பேசிச் செயலிகள் வழியாகச் சுமை பெறும் முறை காலி ஓட்டத்தைக் குறைக்க உதவுகிறது. அதில் தரகுத் தொகையையும், சுமை ஏற்றச் செல்லும் காலித் தொலைவையும் கழித்துவிட்டே வருவாயைக் காண வேண்டும்.

மிகைச் சுமையின் விலை

வாடகை போதாதபோது உரிமையாளர் கண்ணுக்குத் தெரியும் வழி, முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றுவது. சுமை தருபவரும் அதையே எதிர்பார்க்கிறார். 2019இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி மிகைச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். மிகுதியாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். அபராதத்திற்குத் தப்பினாலும் ஸ்பிரிங் பட்டை, டயர், கிளட்ச், பிரேக் ஆகியவை தப்புவதில்லை. விபத்து நேர்ந்தால் இழப்பீட்டிலும் தகராறு எழும்.

பழுதுபார்ப்பின் இயல்பும் மாறியிருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 தரத்து எஞ்சின்களில் உணர்கருவிகளும் புகையைத் தூய்மை செய்யும் அமைப்புகளும் உள்ளன. சாலையோரப் பட்டறையில் சுத்தியலும் ஸ்பேனரும் கொண்டு சரிசெய்த காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. ஆகவே வண்டி வாங்கும் முன், அருகில் எத்தனை கிலோமீட்டரில் பணிமனை உள்ளது என்று விசாரிப்பது, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று விசாரிப்பதற்குக் குறைந்தது அன்று. குறுகிய தொலைவில் நின்று நின்று ஓடும் வண்டிக்கு சி.என்.ஜி. அல்லது மின்கல வண்டி பொருந்துமா என்பதையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கலாம்.

கடன் வழங்கும் அலுவலர் கேட்க வேண்டியது

விண்ணப்பத்தோடு விலைப்பட்டியல், ஓட்டுநர் உரிமம், அடையாளச் சான்று ஆகியவை கேட்கப்படுகின்றன. சுமை எங்கிருந்து வரும் என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. இரண்டு கடைக்காரரிடமோ ஒரு பால் சேகரிப்பு நிலையத்திடமோ, 'இவருக்கு வாரம் இத்தனை நடை தருவோம்' என ஒரு கடிதம் இருப்பின், அது ஈடாக வைக்கும் நகையைவிட வலுவான பாதுகாப்பு என்பது என் கருத்து. ஒரே ஸ்டாண்டில் பத்து வண்டிகள் சுமையின்றி நிற்கையில், பதினோராவது வண்டிக்குக் கடன் தருவது அந்தப் பத்துப் பேரின் தவணையையும் ஆட்டங்காணச் செய்யும்.

விற்கும் வேளை

எட்டு ஆண்டு வரை வண்டிக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன் பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டியிருப்பதால், எட்டாம் ஆண்டை ஒட்டிப் பலர் வண்டியை மாற்றுகின்றனர். அப்போது காசு கைக்கு வந்ததும் ஆவணங்களை மறந்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. கடன் முடிந்தமைக்கான 35ஆம் எண் படிவத்தைக் கடன் கொடுத்தவரிடம் கையொப்பத்துடன் பெற்று, பதிவுச் சான்றிலுள்ள கடன் குறிப்பை நீக்க வேண்டும். 29, 30ஆம் எண் படிவங்கள் வழியே பெயர் மாற்றமும் நடந்தேற வேண்டும். 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியபடி, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். விற்ற வண்டி வேறொருவர் கையில் விபத்துக்குள்ளானாலும் இழப்பீட்டுக்கான அறிவிப்பு பழைய உரிமையாளரின் வீட்டிற்கே வந்து சேரும்.