எந்த ஊர் என்ற கேள்வி

ஞாயிற்றுக்கிழமை மாலையில், ஆறு நாள் உழைத்த வாலிபர்கள் கட்டுமானத் தலங்களிலிருந்தும் கப்பல் பட்டறைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வந்து கூடும் சிராங்கூன் சாலையில் நடந்து பழகியவர்களுக்கு, “எந்த ஊரு நீங்க?” என்ற கேள்வியின் இனிமையை நான் விவரிக்க வேண்டியதில்லை.

சிங்கப்பூருக்கு வந்த புதிதில், வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் அக்கேள்வியைக் கேட்ட ஒரு கனவான், தாமும் என் ஊருக்கு அடுத்த கிராமத்தவரே என்று பரவசப்பட்டு, எங்கள் ஆற்றங்கரைப் பிள்ளையாரையும் வாரச் சந்தையையும் பிசகில்லாமல் வர்ணித்து, இறுதியில் தமது பணப்பை தொலைந்த சோகத்தையும் எடுத்துரைத்தபோது, நான் யோசனையின்றி ஐம்பது வெள்ளியை நீட்டினேன். புதன்கிழமை அதே இடத்தில் தருவதாகச் சொன்னார். மூன்று புதன்கிழமைகள் அம்மனைத் தரிசித்த புண்ணியம்தான் மிச்சம். ஊரின் பெயரை முதலில் சொன்னவன் நானே என்பதும், பிள்ளையாரும் சந்தையும் எந்த ஊரில்தான் இல்லை என்பதும் பிற்பாடுதான் உறைத்தன.

அந்த நஷ்டத்தைவிட, அதன் பிறகு எனக்குள் வளர்ந்த சந்தேகமே அதிகக் கேடு செய்தது. பஃபலோ சாலையில் ஒரு தொழிலாளி காகிதமொன்றைக் கையில் பிடித்தபடி நெருங்கியபோது, அவர் வாய் திறக்குமுன்பே “தெரியாது” என்று விலகினேன். மருத்துவமனைக்கு எந்தப் பேருந்தில் போவது என்பதே அவருடைய கேள்வி. பதில் சொல்லி அனுப்பிய பூக்கடை அம்மாள், என்னைப் பார்த்து, “ஏண்ணே, வழி கேட்டா காசா கொடுக்கணும்?” என்றார்.

ஆகவே, இப்போதெல்லாம் மனிதரின் முகத்தை ஆராய்வதை விட்டுவிட்டு, அவர் கேட்கும் பொருளையே ஆராய்கிறேன். பசி என்றால் தேக்கா உணவங்காடி நிலையத்தில் கூடவே உட்கார்ந்து சாப்பிடுவேன். பணப்பை தொலைந்தது என்றால் போலீஸ் நிலையம்வரை துணைக்கு வருவதாகச் சொல்வேன். பாதிப் பேர் அந்த வார்த்தையிலேயே விடைபெற்றுவிடுவார்கள். அடையாள அட்டையையோ வங்கிக் கணக்கையோ எவருக்கும் இரவல் தருவதில்லை. குற்றத்துக்குத் துணைபோகும் விதத்தில் சிங்பாஸ் என்னும் அரசாங்க மின்னடையாளத்தின் விவரங்களைப் பிறரிடம் ஒப்படைப்பதையே குற்றமாக்கும் சட்டத் திருத்தம் 2023இல் நிறைவேறியிருக்க, தேநீர்ப் பரிச்சயத்துக்காக அத்தனை பெரிய உபகாரம் எதற்கு? தொலைபேசியில் அவசரப்படுத்தும் அந்நியரைப் பற்றிச் சந்தேகம் எழுந்தால், 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணில் இரவும் பகலும் விசாரிக்கலாம்.

சென்ற ஞாயிறன்றும் ஓர் இளைஞர், “எந்த ஊரு அண்ணே?” என்றார்.

“நீங்க முதல்ல சொல்லுங்க தம்பி,” என்றேன்.

சொன்னார். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். தேநீருக்கு அவர்தான் காசு கொடுத்தார்.