லெட்டர்பேடைப் பூட்டி வையுங்கள்

குடியிருப்போர் நலச்சங்கம் ஆரம்பிக்கப் போகிறோம், என்ன செய்யலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, லெட்டர்பேடையும் சீலையும் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள் என்பதுதான். சிரிக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வந்து ஒரு வீட்டு கேட்டைத் திறந்து பார்த்தால் சிரிப்பு வராது.

மற்றதெல்லாம் சுலபம். 1975ஆம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்துவிடலாம். வருடம் ஒருமுறை பொதுக்குழு, நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் பதிவாளரிடம் கணக்கு. உங்கள் தெருவிலும் பேங்கில் ரிட்டயர் ஆனவர் ஒருவர் இருப்பார், கணக்கை அவர் தலையில் கட்டிவிடுங்கள். குடியரசு தினக் கொடி, கண் பரிசோதனை முகாம், மகளிர் தினத்துக்கு மியூசிக்கல் சேர், ஆடிக்குக் கூழ் என்று விழாக்கள் தாமாகவே நடந்துவிடும். மைக் செட்டை மட்டும் இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுங்கள், அது சட்டம். மியூசிக்கல் சேரில் சண்டை வரும். வரட்டும்.

நான் சொல்ல வந்தது ரோடு விஷயம். எங்கள் தெரு தாம்பரம் பக்கம். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து மாநகராட்சி ஆனதிலிருந்து, தார் ரோடு கேட்டு மனு மேல் மனு போட்டோம். எழுதியது யார் என்று கேட்காதீர்கள். எல்லா மனுவிலும் கையெழுத்து ஒரே மாதிரிதான் இருக்கும். கடைசியில் இந்த வருடம் பொங்கலை ஒட்டி வேலை ஆரம்பித்தது.

பழைய தாரை மில்லிங் மிஷினால் சுரண்டி எடுத்துவிட்டு, எடுத்த கனத்துக்குத்தான் புதுத் தார் போட வேண்டும். சுரண்டாமல் போட்டுக்கொண்டே போனால் ரோடு ஏறும், வீடு இறங்கும். 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு இதை வலியுறுத்திக் கடிதமே அனுப்பினார். எங்கள் சங்கத்தில் இது நான் சொல்லித்தான் பலருக்குத் தெரியும். போகிக்கு முந்தின இரவு தார் லாரி வந்தது, ரோலர் வந்தது, மில்லிங் மிஷின் வரவில்லை. சூப்பர்வைசரைக் கேட்டேன். "நாளைக்கு வந்துரும்மா" என்றார். தார் போட்ட பிறகு சுரண்டுகிற மிஷின் எதற்கு வரும்? தலைவருக்கு போன் செய்தேன். "பண்டிகை நேரத்துல எதுக்கு மேடம் தகராறு?" என்றார்.

தகராறு வேண்டாம் என்றதற்குக் காரணம் பொங்கல் விழாவில் தெரிந்தது. ஷாமியானா, மைக் செட், எவர்சில்வர் டப்பா பரிசு எல்லாமே கான்ட்ராக்டர் உபயம். அவருக்கு மேடையில் பொன்னாடை. கூடவே சங்கத்தின் லெட்டர்பேடில் சீல் வைத்த ஒரு கடிதம்: சாலைப் பணி குடியிருப்போருக்கு முழுத் திருப்தி அளிக்கும் வகையில் முடிக்கப்பட்டது. நான் அப்போது சர்க்கரைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தேன். பீரோ சாவி என்னிடம் இருந்ததே என்று இன்றைக்குக் கேட்கிறார்கள். தலைவர் வந்து சாவி கேட்டால் செயலாளர் என்ன செய்ய முடியும்? எதற்கு என்றும் கேட்டேன். "சும்மா ஒரு நன்றி லெட்டர்" என்றார்.

மாட்டுப் பொங்கல் அன்று காலையில் தெரு முழுக்க கேட் சத்தம். வெளிப்பக்கம் திறக்கிற கேட் ஒவ்வொன்றும் பாதியில் தாரில் சிக்கி நின்றது. அழுத்தித் தள்ளியவர்கள் வீட்டு வாசலில் தார் மேல் கால் வட்டமாக ஒரு கீறல் விழுந்தது. வெல்டரைக் கூப்பிட்டு அடிக்கம்பியை அறுத்துத் தூக்கி வைத்தோம். ஜூனில் சாயங்காலம் ஒரு இடி மழை. முனை வீட்டுப் பாட்டிக்கு வாசலில் முன்பு இரண்டு படி ஏற்றம் இருந்தது, அதில் ஒன்று தாருக்குள் போய்விட்டது. தெருத் தண்ணீர் நேராக சம்பில் இறங்கியது. சாக்கடை கலந்த தண்ணீர்.

தகவல் உரிமைச் சட்டத்தில் எஸ்டிமேட் நகல் கேட்டேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில். அதில் மில்லிங்குக்குத் தனி ஐட்டமே போட்டிருந்தது. அதை வைத்துப் புகார் எழுதினோம். வந்த பதிலோடு எங்கள் கடிதத்தின் நகலையே பின் செய்து அனுப்பியிருந்தார்கள். முழுத் திருப்தி, தலைவர் கையெழுத்து, என் பீரோவில் இருந்த சீல்.

அதனால் சொல்கிறேன். ரோடு போட வருமுன் காம்பவுண்டு சுவரில் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். கோட்டிலிருந்து ரோடு வரை டேப் பிடித்து போட்டோ எடுங்கள், தேதி தெரிய வேண்டும். எஸ்டிமேட் நகலை வேலைக்குப் பிறகு வாங்குவதைவிட முன்பே வாங்குங்கள். லெட்டர்பேடில் எது போனாலும் இரண்டு கையெழுத்து, தீர்மானப் புத்தகத்தில் பதிவு என்று பைலாவிலேயே எழுதிவிடுங்கள். கான்ட்ராக்டர் காசில் ஒரு டீ கூட வேண்டாம். விழாவுக்கு டப்பா இல்லையென்றால் யாரும் செத்துவிட மாட்டார்கள்.

நமக்கு நாமே திட்டத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை நாம் கட்டினால் மீதியை அரசு போடும். நம் பணமும் அதில் இருந்தால் நின்று கேள்வி கேட்கலாம், வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்போம் என்று போன வருடமே சொன்னேன். "ரோடு போடறது அரசாங்கம் வேலை" என்று சிரித்தவர்கள் யார் யார் என்று தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது, 14ஆம் பக்கம்.

ஐப்பசி மழைக்கு முன்னால், செப்டம்பரில் பொதுக்குழு. அவர் மறுபடியும் தலைவர் பதவிக்கு நிற்கிறாராம். நானும் வேட்புமனு கொடுத்திருக்கிறேன்.