மையநோக்கு விசை என்னும் கூடுதல் அம்பு

வட்ட இயக்கக் கணக்குகளில் மாணவர் செய்யும் பிழைகளைத் தொடர்ந்து கவனித்து வருவோருக்கு, அவற்றுள் பல கணிதத்தில் அல்லாமல் படத்திலேயே தொடங்கிவிடுகின்றன என்பது புலப்படும். பொருளின் எடை, கயிற்றின் இழுவிசை, உராய்வு ஆகியவற்றை அம்புகளாக வரைந்த பின், 'மையநோக்கு விசை' என்று மேலும் ஓர் அம்பைச் சேர்த்துவிடுவதே அப்பிழை. 1687-இல் வெளிவந்த 'பிரின்சிபியா'வில் நியூட்டன் ஆண்ட இச்சொல் தனியொரு விசையைக் குறிப்பதன்று. உண்மையில் செயல்படும் விசைகளின் தொகுபயனில் மையத்தை நோக்கி அமையும் பகுதிக்கே அது பெயர். ஒவ்வோர் அம்பையும் தருவது கயிறா, தரையா, புவியா என்று கேட்டு, விடையில்லாததை அழித்துவிடுவது நல்ல பழக்கம்.

சூத்திரத்தை மட்டும் மனனம் செய்தவர் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. 40 மீட்டர் ஆரமுள்ள சமதளச் சாலை வளைவில், உராய்வுக் குணகம் 0.5 எனில், மையத்தை நோக்கி இழுப்பது உராய்வே என்பதால், வண்டி சறுக்காமல் செல்லக்கூடிய பெரும வேகம் நொடிக்கு 14 மீட்டர். திருவிழா மரணக்கிணற்றிலோ மையத்தை நோக்கித் தள்ளுவது சுவரின் செங்குத்து விசை. உராய்வு எடையைத் தாங்கும் வேலைக்குப் போய்விடுகிறது. எனவே 5 மீட்டர் ஆரத்திற்கும் அதே குணகத்திற்கும் கிடைக்கும் நொடிக்கு ஏறத்தாழ 9.9 மீட்டர் என்பது சிறும வேகம். முன்னதில் பெருக்கிய குணகம் பின்னதில் வகுக்கிறது. இரண்டிலும் நிறை நீங்கிவிடுவதால், அது தரப்படவில்லையே என்று தயங்க வேண்டியதில்லை.

வெளிவிளிம்பு உயர்த்தப்பட்ட சாலையில் சாய்தளக் கணக்கின் பழக்கம் குறுக்கிடும். முடுக்கம் கிடைமட்டமாக இருப்பதால் அச்சையும் கிடைமட்டமாகவே கொள்ள வேண்டும். உராய்வு இல்லையெனில், செங்குத்து விசையின் மேல்நோக்கிய கூறே எடைக்குச் சமமாகும். நிமிடச் சுற்றுகளை நொடிக்கு ரேடியனாக மாற்றுவதும், விட்டத்தைப் பாதியாக்குவதும் முதல் வரியிலேயே முடிந்திருக்க வேண்டியவை.

நீர் நிறைந்த வாளியை 0.9 மீட்டர் ஆரத்தில் செங்குத்தாகச் சுழற்றும்போது, உச்சியில் நீரின் மீதுள்ள விசைகள் யாவும் கீழ்நோக்கியே இருக்க, நீர் ஏன் விழவில்லை என்ற கேள்வி தவறாமல் எழும். நீர் விழத்தான் செய்கிறது. உச்சியில் வேகம் நொடிக்குச் சுமார் 3 மீட்டருக்குக் குறையாதவரை, நேர்கோட்டிலிருந்து அது விழும் அளவுக்கேனும் வாளியும் கீழே வளைந்து வருகிறது.