தீவகத்துக்கு ஒரு நாள்: ஊர்காவற்றுறையா, நயினாதீவா, நெடுந்தீவா?

குறிகட்டுவான் இறங்குதுறையில் காலை வேளையில் இரண்டு விதமான கூட்டத்தைப் பார்க்கலாம். பட்டுச் சேலையும் வேட்டியுமாக, பூவும் தேங்காயும் வைத்த பையோடு நிற்பவர்கள் நயினாதீவுக்குப் போகிறவர்கள். அரிசி மூட்டை, மரக்கறிப் பெட்டி, எரிவாயு உருளை, கட்டி வைத்த சைக்கிள் என்று சாமான்களுக்கு நடுவே குந்தியிருப்பவர்கள் நெடுந்தீவார். முதல் கூட்டம் பதினைந்து இருபது நிமிடத்தில் கரை சேர்ந்துவிடும். இரண்டாவது கூட்டத்துக்கு ஒரு மணி நேரக் கடல் காத்திருக்கிறது.

யாழ்ப்பாணத்துக்கு வரும் பலர் “தீவுப் பக்கம் போய்விட்டு வருவோம்” என்று ஒரே சொல்லில் முடிவெடுக்கிறார்கள். எந்தத் தீவு என்ற கேள்வி பஸ் ஏறிய பிறகுதான் வருகிறது. மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முயன்று எதையுமே பார்க்காமல் திரும்புகிறவர்கள் ஏராளம். தீவகம் ஒரே இடம் அல்ல. அரச நிர்வாகமே அதை நான்கு பிரதேச செயலகங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஊர்காவற்றுறைச் செயலகத்தின் கீழ் அனலைதீவும் எழுவைதீவும் வருகின்றன. புங்குடுதீவும் மண்டைதீவும் நயினாதீவும் வேலணைக்கு உரியவை. காரைநகர் தனிப் பிரதேசம். நெடுந்தீவும் தனிப் பிரதேசம், ஆனால் இந்த நான்கில் தரைவழியே போக முடியாத செயலகம் அது ஒன்றுதான். கச்சதீவும் அதன் எல்லைக்குள் அடங்குகிறது.

ஆகவே முதலில் நேரத்தைக் கணக்கிட வேண்டும். பிறகு எதற்காகப் போகிறோம் என்று தெளிய வேண்டும்.

அரை நாள் இருந்தால்: ஊர்காவற்றுறை

படகு வேண்டாம், கடல் ஒத்துவராது, சிறு பிள்ளைகளும் முதியவர்களும் கூட வருகிறார்கள் என்றால் ஊர்காவற்றுறைதான் சரி. பண்ணைப் பாலத்தைக் கடந்தால் இரு புறமும் ஆழமற்ற கடல். இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுப்பவர்களை வாகனத்தில் இருந்தே பார்க்கலாம். வழியில் வேலணையில் சாட்டிக் கடற்கரை. அலை குறைந்த வெண்மணல் கரை என்பதால் பிள்ளைகளை இறக்கி விடலாம்.

ஊர்காவற்றுறைப் பட்டினம் இன்று அமைதியானது. ஒரு காலத்தில் அது வடக்கின் பெரிய துறைமுகம். அந்தப் பெருமைக்குச் சான்று நயினாதீவில் கிடைத்தது. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு அது. வெளிநாட்டு வணிகர் ஊராத்துறையில்தான் இறங்க வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசனுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. அந்த ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை. அதன் ஆங்கிலப் பெயரான ‘கைட்ஸ்’, துறைமுக மேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது.

கரையில் நின்றால் கடலுக்கு நடுவே ஹம்மன்ஹீல் கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது. 1971 கிளர்ச்சிக்குப் பிறகு சிறையாகவும் இருந்தது. இப்போது கடற்படையின் பொறுப்பில் விடுதியாக இயங்குகிறது.

அருகே கரம்பொன். 1913இல் தனிநாயகம் அடிகள் பிறந்த ஊர். அவருடைய தந்தையின் ஊர் நெடுந்தீவு. 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கூட்டியவருடைய வேர் இந்த இரண்டு தீவுகளிலும் இருக்கிறது என்பதை இளையவர்களோடு போகிறவர்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

வந்த வழியே திரும்பத் தேவையில்லை. ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்கு ‘பாதை’ என்று ஊரார் சொல்லும் மிதவை ஓடுகிறது. அதில் ஏறிக் கடந்தால் கசூரினாக் கடற்கரையையும் பார்த்துவிட்டுப் பொன்னாலைப் பாலம் வழியாக யாழ்ப்பாணம் சேரலாம்.

வழிபாட்டுக்கு: நயினாதீவு

யாழ்ப்பாணத்திலிருந்து 776 இலக்க பஸ் குறிகட்டுவான் வரை போகும். ஏறத்தாழ 30 கிலோமீற்றர். வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் தாம்போதியைக் கடந்தபின் சற்றுக் கவனித்துப் பார்க்க வேண்டும். கூரை இழந்த கல்வீடுகளும் ஆள் இல்லாத நாற்சார் வீடுகளும் தெருவோரம் நிற்கின்றன. அவற்றின் உரித்தாளர்கள் கொழும்பிலும் கனடாவிலும் பிரான்ஸிலும் சுவிஸிலும் இருக்கிறார்கள்.

நயினாதீவு மிகச் சிறியது. நாகபூசணி அம்மன் கோயிலும் நாக விகாரையும் பத்து நிமிட நடைத் தூரத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனி இறங்குதுறை உண்டு. நாக அரசர்கள் இருவர் மணி ஆசனத்துக்காகப் போரிட்டபோது புத்தர் வந்து சமாதானம் செய்தார் என்று மகாவம்சம் சொல்லும் இடமாக பௌத்தர்கள் இதைக் கருதுகிறார்கள். மணிமேகலையின் மணிபல்லவம் இதுவே என்று கொள்ளும் தமிழறிஞர்களும் உண்டு. அந்தக் காப்பியத்தில் மணிமேகலை அமுதசுரபி என்ற அட்சய பாத்திரத்தைப் பெற்றது மணிபல்லவத்தில். அம்மன் கோயிலின் அன்னதான மண்டபத்துக்கும் ‘அமுதசுரபி’ என்றே பெயர். வந்தவருக்கெல்லாம் அங்கே சோறு உண்டு.

கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். ஆனி மாதத் திருவிழாவின்போது கூட்டம் பெருகும். தேரைப் பார்க்க விரும்புகிறவர்கள் அப்போது போகலாம், அமைதியாகக் கும்பிட விரும்புகிறவர்கள் அதைத் தவிர்க்கலாம். காலையில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துப் பொழுது சாயமுன் யாழ்ப்பாணம் திரும்பிவிடலாம்.

முழு நாள் இருந்தால்: நெடுந்தீவு

ஒல்லாந்தர் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணை ‘லைடன்’ ஆனது, காரைதீவு (இன்றைய காரைநகர்) ‘அம்ஸ்ரடாம்’ ஆனது. அவற்றுள் இன்றும் பரவலாக வழங்குவது நெடுந்தீவின் ‘டெல்ஃப்ற்’ மட்டுமே.

மாவலித்துறையில் இறங்கியதும் கண்ணில் படுவது கல்வேலி. சாந்து இல்லை, சீமெந்து இல்லை. முருகைக் கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடைவெளியில் சிறு கல்லைச் செருகி எழுப்பியது. குனிந்து பார்த்தால் கல்லில் பழைய பவளப் பூச்சிகளின் துளைகள் தேன்கூடுபோலத் தெரியும். காற்று அந்த இடைவெளிகளால் புகுந்து போவதால் வேலி சாய்வதில்லை. அந்தக் கல்லில் ஒன்றைக்கூட நினைவுப் பொருளாக எடுத்துவரக் கூடாது.

பிறகு பெருக்குமரம், ஒல்லாந்தர் கோட்டை என்று சொல்லப்படும் இடிபாடு, புறாக்கூடு, வெடியரசன் கோட்டை, நன்னீர் தரும் சாராப்பிட்டிக் கிணறுகள். தெற்கே வெட்டவெளியில் குதிரைகள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற பிரித்தானிய அதிகாரி இங்கே குதிரை வளர்ப்பை நடத்தினார். இன்று அவை காட்டுக் குதிரைகளாகத் திரிகின்றன. அவை மேயும் பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கோடையில் தண்ணீரின்றி அவை படும் பாடு பெரிது. வாகனத்தால் துரத்திப் படம் எடுப்பது கொடுமை.

மாவலித்துறையில் ஒரு நினைவிடம் உண்டு. 1985 மே 15 அன்று குறிகட்டுவானை நோக்கிப் புறப்பட்ட குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குமுதினி பழுது பார்க்கப்பட்டுப் பின்னும் பல ஆண்டுகள் அதே மக்களை ஏற்றி ஓடியது. அங்கே ஒரு நிமிடம் நிற்பது கடமை.

தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். நடந்து முடியாது. இறங்குதுறையில் ஓட்டோ பிடிக்க வேண்டும், அல்லது சைக்கிள். நிழல் குறைவு, கடைகளும் குறைவு. மின்சாரம் பிரதான நிலத்திலிருந்து வருவதில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றும் சூரிய ஒளியும் கொண்ட மின் திட்டத்துக்கு இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது.

எப்போது போவது?

மாசி முதல் சித்திரை வரை கடல் படுத்திருக்கும். வைகாசிக்குப் பின் சோளகம் எழுந்தால் நெடுந்தீவுப் படகு நன்றாக ஆடும், தலைசுற்று உள்ளவர்கள் அந்த மாதங்களில் நயினாதீவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கார்த்திகை, மார்கழியில் வாடையும் மழையும். அப்போது படகு ஓடாத நாட்களும் உண்டு. அந்த மாதங்களில் ஊர்காவற்றுறை ஒன்றே நம்பகமான தெரிவு.

முடிவாக

பிள்ளைகளோடும் முதியவர்களோடும் வருகிறவர்களுக்கு ஊர்காவற்றுறை. நேர்த்தி வைத்தவர்களுக்கு நயினாதீவு. யாழ்ப்பாணத்தில் ஒரே ஒரு முழு நாள் இருந்து, கடலும் அமைதியாக இருந்தால் நெடுந்தீவு. அதற்கு ஈடான வேறோர் இடம் வடக்கில் இல்லை. குடிதண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள். வெற்றுப் போத்தல்களைத் திரும்பக் கொண்டு வாருங்கள். மாவலித்துறையில் இறங்கியதும் முதல் வேலையாகக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.