எல்லைக்கல் பிழையாக இருந்தால்?

தலைமுறை தலைமுறையாக லயத்துக் காம்பராவில் இருந்த நமக்கு 7 பேர்ச்சஸ் காணி சின்ன விஷயமில்லை. உறுதி கிடைத்ததும் பெட்டியில் வைத்துப் பூட்டினால் போதுமா? கூடவே தந்த அளவைப் படத்தையும் விரித்துப் பார்ப்போம்.

ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. 7 பேர்ச்சஸ் என்றால் சுமார் 1,906 சதுர அடி. நாமே அளந்து பார்க்கலாம். ஆனால் மலைச்சரிவில் தரையோடு அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும். கயிற்றை மட்டமாகப் பிடிக்க வேண்டும்.

குறைந்தால் பக்கத்து வீட்டாரோடு சண்டை வேண்டாம். கல்லையும் பிடுங்க வேண்டாம். பிழை எங்கே என்று பார்ப்போம்.

கல் நகர்ந்திருந்தால், உரிமம் பெற்ற நில அளவையாளரை அழைத்து, அயலவர் முன்னிலையில் படத்தின்படி நடச் சொல்வோம். படமே பிழையென்றால், அளந்தவரிடம் எழுத்தில் கேட்போம். உறுதியில் எல்லையோ இலக்கமோ பிழையென்றால், நொத்தாரிசு மூலம் திருத்த உறுதி எழுதி, காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். காணி தந்த தரப்பும் அதில் கையெழுத்து வைக்கணும். நாமே பேனையால் வெட்டித் திருத்தினால் செல்லாது.

அத்திவாரம் வெட்டுமுன் இதை முடிப்போம். சுவர் எழும்பிய பிறகு வரும் வழக்கு நம் பிள்ளைகள் தலையில்தான் விழும்.